உப்பால் கட்டிய ஊரைக் கண்டவர்

பாலைவனங்களைக் கடந்த இபுன் பதூதாவின் கதை

சித்திரை மாதம். கத்திரி வெயில் கொளுத்துகிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து வடகிழக்கே, கடற்கரையை நோக்கிப் போனால் மரக்காணம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளம்.

பாத்தி பாத்தியாக உப்பு. பளீர் என்று மின்னுகிறது. தலைக்கு மேலே வெயில். காலுக்குக் கீழே, உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். இரண்டுக்கும் நடுவே மனிதர்கள்.

உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் பொழுது விடியும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். இதை அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. வெயிலே அவர்களுக்கு வாத்தியார்.

வேலை முடிந்தால் அவர்கள் வீட்டுக்குத் திரும்பலாம். கூரை நிழல் இருக்கிறது. பானையில் நல்ல தண்ணீர் இருக்கிறது.

வீடே உப்பாக இருந்தால்?

சுவரும் உப்பு, கிணற்றுத் தண்ணீரும் உப்பு, சுற்றிலும் பல நூறு மைலுக்கு மணல். அப்படி ஓர் ஊர் இந்த உலகத்தில் இருந்தது. அந்த ஊரை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் ஒருவர். அவர் நம் மதுரைக்கும் வந்தவர். காய்ச்சலில் படுத்து, நம் ஊர்ப் புளியைக் கரைத்துக் குடித்து எழுந்தவர்.

அவர்தான் இபுன் பதூதா.

21 வயதில் புறப்பட்டார்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் மொராக்கோ என்ற நாடு இருக்கிறது. அங்கே கடலோரத்தில் தாஞ்சியர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் 1304-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இபுன் பதூதா பிறந்தார். அவருடைய குடும்பத்தில் பலர் நீதிபதிகள். அவரும் சட்டம் படித்தார்.

1325-ம் ஆண்டு ஜூன் மாதம், மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. துணைக்கு யாரும் இல்லை. தாயும் தகப்பனாரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிய மனம் இல்லாமல்தான் பிரிந்தார். அந்த இருவரையும் அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

யாத்திரையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் திரும்பியது 24 வருஷம் கழித்து!

அதற்குள் எகிப்து, அரேபியா, பாரசீகம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை, சீனா என்று சுற்றி வந்துவிட்டார். அவர் வாழ்நாளில் போன தூரம் சுமார் 1,20,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். ரயில் இல்லை, மோட்டார் இல்லை. ஒட்டகம், குதிரை, பாய்மரக் கப்பல், இவை இல்லாத இடத்தில் கால்நடை.

இவ்வளவு தூரம் போனவர் உயிரோடு திரும்பியது எப்படி? அதிலும், எத்தனையோ பேரைக் கொன்ற பாலைவன வெயிலில் இவர் மட்டும் பிழைத்தது எப்படி?

அவர் உடம்பு இரும்பு அல்ல. பல தடவை காய்ச்சலில் விழுந்தவர்தான். ஆனால், கண்ணால் கண்டதை மறக்காதவர். ஒவ்வொரு வழியிலும் ஒரு பாடம் கற்றார். கற்ற பாடத்தைக் கடைப்பிடித்தார்.

முதல் பாடம்

புறப்பட்ட சில வாரங்களிலேயே முதல் பாடம் கிடைத்தது.

இன்றைய அல்ஜீரியா நாட்டில் மிலியானா என்று ஓர் ஊர். அங்கே அவர் போனபோது கடுங்கோடை. தூனிஸ் நாட்டு அரசரின் தூதர்கள் இருவர் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் இருவரும் நோயில் விழுந்தார்கள். பத்து நாள் அங்கேயே தங்கினார்கள். பிறகு புறப்பட்டார்கள். நாலு மைல் போவதற்குள் ஒருவருக்கு நோய் முற்றியது. ஓர் ஓடைக் கரையில் தங்கினார்கள். நாலாவது நாள் அவர் இறந்துவிட்டார்.

அவர்கள் ஏழைகள் அல்லர். அரசரின் தூதர்கள். ஆளும் அம்பும் இருந்தன. வெயில் அதையெல்லாம் பார்க்கவில்லை.

வெயிலில் விழுந்தவனுக்குத் தலை நிமிர்ந்ததும் உடம்பு தேறிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. மறுபடி வெயிலில் இறங்கினால், வெயில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

1,000 பொற்காசுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

1326-ம் ஆண்டு டமாஸ்கஸ் நகரத்திலிருந்து யாத்திரிகர் கூட்டம் மக்காவை நோக்கிப் புறப்பட்டது. இபுன் பதூதா அதில் சேர்ந்துகொண்டார்.

வழியில் தபூக் என்ற ஊர் வரும். அதற்கு அப்பால் கொடிய பாலைவனம். ஆகவே தபூக்கில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். நாலு நாள் தங்குவார்கள். ஒட்டகங்களுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுவார்கள். எருமைத் தோலைத் தைத்துப் பெரிய தொட்டிகள் செய்து வைத்திருப்பார்கள். அவற்றில் தண்ணீரை நிரப்புவார்கள். பணக்காரர்களுக்குச் சொந்தத் தொட்டி உண்டு. மற்றவர்கள் தண்ணீர்க்காரரிடம் கூலி பேசிக்கொள்வார்கள்.

அதன் பிறகு இரவு பகலாக ஓட்டம்தான். வழியில் தங்குவது மிகக் குறைவு.

அந்த வழியில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே முன்பு ஒரு வருஷம் நடந்த கொடுமையை அவருக்குச் சொன்னார்கள்.

சமூம் என்று ஓர் அனல்காற்று உண்டு. அந்த வருஷம் அது வீசியது. கொண்டு வந்த தண்ணீர் எல்லாம் வற்றிப்போயிற்று. ஒரு வாய்த் தண்ணீரின் விலை 1,000 தினார் ஆயிற்று. தினார் என்றால் பொற்காசு. அந்த விலைக்கும் வாங்கினார்கள். கடைசியில் வாங்கினவனும் செத்தான், விற்றவனும் செத்தான். இந்தக் கதையை அங்கே ஒரு பாறையில் வெட்டி வைத்திருந்தார்களாம்.

பணத்தைக் காட்டினால் பாலைவனத்தில் தண்ணீர் வராது. தண்ணீர் புறப்படும் இடத்திலேயே கூட வர வேண்டும்.

ஓர் அரசியின் தர்மம்

மக்காவிலிருந்து அவர் பாக்தாத் பக்கம் போனார். அந்த வழியும் பாலைவனம்தான். ஆனால், அங்கே இடத்துக்கு இடம் குளமும் கிணறும் தொட்டியும் இருந்தன.

யார் வெட்டியவை? ஜுபைதா என்ற அரசி. பாக்தாத்தை ஆண்ட ஹாரூன் அல் ரஷீதின் மனைவி. அவர் வாழ்ந்தது இபுன் பதூதாவுக்கு 500 வருஷங்களுக்கு முன்பு. அவர் வெட்டிவைத்த குளங்கள் அப்போதும் யாத்திரிகரின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தன. அந்த அரசியை அவர் வாயார வாழ்த்தியிருக்கிறார்.

நம் ஊரில் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோமே, அதே தர்மம்தான்.

அந்தக் கூட்டம் இரவில் நடந்தது. முன்னும் பின்னும் தீவட்டிகள். இருட்டே பகல் போல ஆகிவிட்டதாம்.

உச்சி வெயிலில் புறப்பட்ட தப்பு

எல்லாம் கற்ற அவரும் ஒரு தடவை தப்புச் செய்தார்.

ஓமான் நாட்டுக் கடற்கரை. கப்பல் சூர் என்ற ஊரில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கல்ஹாத் நகரம் மலையடியில் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான் என்று தோன்றியது. கப்பலில் இருந்து அலுத்துப்போயிருந்தார். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினார். அப்போது நேரம் சுமார் நடுப்பகல்! சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று வழி கேட்ட இடத்தில் சொன்னார்கள்.

கூட வந்தவர் கிதர் என்ற இந்தியர். வழிகாட்ட ஒரு மாலுமியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அந்த ஆள் நல்லவன் அல்லன். மூட்டையோடு ஓடப் பார்த்தான். கடல்நீர் புகுந்த ஓர் ஓடையில் இவர்களை இறக்கிவிடவும் பார்த்தான். இபுன் பதூதா கையில் ஈட்டி வைத்திருந்ததால் அவன் பயந்தான்.

பிறகு பொட்டல் வெளி. தண்ணீர் இல்லை. நாக்கு வறண்டது. அந்த நேரத்தில் குதிரையில் ஒருவர் சிலரோடு வந்தார். அவர்களிடம் தோல்பையில் தண்ணீர் இருந்தது. கொடுத்தார்கள். உயிர் வந்தது.

கூப்பிடு தூரத்தில் தெரிந்த ஊர் கிட்டவே வரவில்லை. கிதர் நோயில் சாய்ந்தார். இரவு வெட்டவெளியில் கழிந்தது. கிதரும் மாலுமியும் தூங்கினார்கள். இபுன் பதூதா மட்டும் கண் மூடாமல் காவல் இருந்தார். மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கால்கள் வீங்கி, நகக்கண்ணில் ரத்தம் கசியும் நிலையில் இருந்தன. ஆறு நாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

வெட்டவெளியில் கண் ஏமாற்றும். தூரத்தில் உள்ளது பக்கத்தில் தெரியும். கண்ணை நம்பித் தண்ணீர் இல்லாமல் இறங்கியதுதான் அவர் செய்த தப்பு.

அதன் பிறகு பாரசீகக் கரையில் ஹோர்முஸ் பக்கம் இன்னொரு பாலைவனத்தைக் கடந்தார். கோடையில் ஆளைக் கொல்லும் அனல்காற்று வீசும் இடம் அது. அங்கே துருக்மானியரிடம் வாகனம் பேசினார். அந்த வழி அவர்களுக்கு அத்துப்படி. பொழுது சாயும்போது புறப்படுவது. இரவு முழுதும் பயணம். சூரியன் எழுந்ததும் கருவேலம் போன்ற முள்மரங்களின் நிழலில் இறங்கிப் படுத்துவிடுவது. நாலு நாள் வழியை அப்படியே கடந்தார்.

ஈரத் துணி

1333-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிந்து நதிக் கரைக்கு வந்தார். அங்கே சேவான் என்ற ஊர், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் போனபோது சகிக்க முடியாத வெயில்.

கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இடுப்பில் ஒரு துண்டு. தோளில் இன்னொரு துண்டு, தண்ணீரில் நனைத்தது. அது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பார்கள். நிழலில் உட்கார்ந்து இப்படியே பொழுதைப் போக்கினார்கள்.

இது நல்ல வைத்தியம். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வியர்வையின் வேலையும் இதுதான்.

ஒன்றை மட்டும் நாம் கவனிக்க வேண்டும். பாலைவனக் காற்று உலர்ந்த காற்று. அதில் ஈரம் சட்டென்று காயும். மரக்காணம் போன்ற கடற்கரையில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. வியர்வை சொட்டும், ஆனால் காயாது. உடம்புச் சூடும் இறங்காது. ஆகையால் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் கடற்கரைப் புழுக்கம் ஆபத்தானது. இங்கே ஈரத் துணியோடு விசிறியும் வேண்டும்.

மதுரையில் புளித் தண்ணீர்

டில்லியில் முகமது பின் துக்ளக் சுல்தான் ஆட்சி. இபுன் பதூதாவை அவர் நீதிபதி ஆக்கினார். பல வருஷம் கழித்துச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் புயலில் கப்பல்கள் அழிந்தன. கரையில் நின்றதால் இவர் பிழைத்தார்.

பிறகு மாலத்தீவில் நீதிபதி வேலை. அங்கிருந்து இலங்கை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்தார். இலங்கையிலிருந்து புறப்பட்டபோது சோழமண்டலக் கரை அருகே கப்பல் உடைந்தது. உடைந்த கப்பலின் பின்புறத்தில் ஓர் இரவு ஒண்டியிருந்தார். காலையில் கரை ஜனங்கள் வந்து காப்பாற்றினார்கள்.

மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆட்சி. அவர் போன சமயம் ஊரில் கொள்ளைநோய். ஜனங்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். அவரையும் கடும் காய்ச்சல் பிடித்தது. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார்.

அந்த ஊரில் புளி ஏராளம். ஒரு ராத்தல் அளவு புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று. காய்ச்சல் விட்டது. அது இறைவன் தமக்கு நினைவூட்டிய மருந்து என்று நம்பினார். இன்று காய்ச்சல் என்றால் நாம் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனாலும், உலகம் சுற்றியவர் நம் வீட்டு அடுப்பங்கரைப் புளியை நன்றியோடு நினைத்தார் என்பது நமக்குச் சந்தோஷம்தானே!

வெறுமையான வீடு

சீனா வரை போய்விட்டு ஊர் திரும்பும் வழியில், 1348-ம் ஆண்டு, டமாஸ்கஸ் நகரத்தில் அவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. தகப்பனார் இறந்து 15 வருஷம் ஆகிவிட்டது!

அப்போது நாடெங்கும் பிளேக் நோய் பரவியிருந்தது. 1349-ம் ஆண்டு மொராக்கோவுக்கு வந்தார். தாயாரையும் பிளேக் கொண்டுபோய்விட்டது. அவர் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அந்த அம்மாள் இறந்தார்.

வீடு வெறுமையாகிவிட்டது. அவருக்கு வயது 45. இனியாவது ஓய்ந்திருப்பார் என்று நினைப்போம். அவர் ஓயவில்லை. இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. அதுதான் உலகத்திலேயே பெரிய வெப்பப் பாலைவனம், சகாரா.

உப்புச் சுவர், ஒட்டகத் தோல் கூரை

சகாராவின் வட விளிம்பில் சிஜில்மாசா என்ற ஊர். அங்கே அவர் ஒட்டகங்களை வாங்கினார். வாங்கியதும் கிளம்பவில்லை. நாலு மாதம் தீனி போட்டுக் கொழுக்க வைத்தார்! 1352-ம் ஆண்டு பிப்ரவரியில் வணிகர் கூட்டத்தோடு புறப்பட்டார். கூட்டத்துக்குத் தலைவர் மசூஃபா என்ற பாலைவனக் குடியைச் சேர்ந்தவர்.

25 நாள் கழித்துத் தகாசா என்ற ஊர் வந்தது. அதுதான் உப்பு ஊர்.

மரம் கிடையாது. செடி கிடையாது. மண்ணைத் தோண்டினால் உப்பு, பலகை பலகையாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாற்போல் கிடக்கும். அதை வெட்டித்தான் வீட்டுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பள்ளிவாசலும் உப்புக் கட்டிதான். கூரைக்கு ஒட்டகத் தோல். மழை இல்லாத ஊர் என்பதால் உப்புச் சுவர் கரையாமல் நின்றது.

ஓர் ஒட்டகம் இரண்டு உப்புப் பலகை சுமக்கும். பாலைவனத்துக்குத் தெற்கே உப்பு இல்லை. அங்கே உப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் காசு போலவே செலவழித்தார்கள். வலாத்தா என்ற ஊரில் ஓர் ஒட்டகச் சுமை உப்பு எட்டு முதல் பத்து மிஸ்கால் தங்கம். மிஸ்கால் என்பது அந்தக் காலத்துத் தங்க எடை. மாலி நாட்டுத் தலைநகரில் அதே சுமை 20 முதல் 30 மிஸ்கால்; சில சமயம் 40!

அவ்வளவு விலை ஏன்? வெயிலில் உழைப்பவனுக்கு வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அதை ஈடு கட்டாவிட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். வெயில் நாட்டில் உப்பு உயிர்.

அந்த உப்பை வெட்டியவர்கள் யார்? அடிமைகள்.

அவர்களைத் தவிர அங்கே குடியிருப்பவர் இல்லை. வேறு இடத்திலிருந்து வரும் பேரீச்சம்பழம், ஒட்டக இறைச்சி, தெற்கேயிருந்து வரும் தானியம், இவைதான் சாப்பாடு. உணவு கொண்டுவரும் கூட்டம் வராவிட்டால் பட்டினி. தண்ணீரோ உவர்ப்பு. ஈக்களின் தொல்லை சொல்லி முடியாது.

இபுன் பதூதா அங்கே பத்து நாள் தங்கினார். அந்தப் பத்து நாளே அவருக்குப் பெரும் துன்பமாக இருந்தது. பதினோராம் நாள் அவர் போய்விடலாம். அந்த அடிமைகள் எங்கே போவார்கள்? தங்கமாக மாறிய அந்த உப்பில் அவர்களுக்கு என்ன பங்கு?

கோபித்துப் பின்தங்கியவன்

தகாசாவுக்கு அப்பால் பத்து நாள் வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது. ஆனால், அந்த வருஷம் மழை பெய்திருந்தது. பாறைக் குட்டைகளில் நல்ல தண்ணீர் கிடைத்தது. துணிகூடத் துவைத்தார்கள்.

தண்ணீர் கிடைத்ததும் தைரியம் வந்துவிட்டது. இபுன் பதூதாவும் சிலரும் கூட்டத்தை விட்டு முன்னால் போய்ப் புல் கண்ட இடத்தில் ஒட்டகத்தை மேய்ப்பார்கள்.

கூட்டத்தில் இபுன் சீரி என்று ஒருவன். அவனுக்கும் அவன் மாமன் மகன் இபுன் அதீக்கும் வாய்ச்சண்டை. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கோபத்தில் இபுன் சீரி பின்தங்கினான். வழி தவறினான். இரவு கூட்டம் தங்கியபோது அவனைக் காணோம்.

ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தித் தடம் பார்த்துத் தேடச் சொல்லும்படி இபுன் அதீயிடம் இபுன் பதூதா எடுத்துச் சொன்னார். அவன் கேட்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலும்.

மறுநாள் மசூஃபாக்காரர் ஒருவர் கூலி கேட்காமல் தாமே தேடப் போனார். காலடித் தடம் கிடைத்தது. சில இடத்தில் வழியோடு போயிற்று. சில இடத்தில் வழியை விட்டு விலகிற்று. ஆள் கிடைக்கவில்லை.

பிறகு எதிரே வேறொரு கூட்டம் வந்தது. அவர்களிலும் சிலர் பிரிந்து போய்விட்டார்களாம். அவர்களில் ஒருவனை இபுன் பதூதாவின் கூட்டத்தார் கண்டார்கள். ஒரு சிறு மரத்தடியில் செத்துக் கிடந்தான். உடுத்திய துணி அப்படியே இருந்தது. கையில் சாட்டை இருந்தது. அந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் தூரம் எவ்வளவு தெரியுமா?

சுமார் ஒரு மைல்!

இபுன் சீரியை இழந்த நாள் முதல் இபுன் பதூதா ஒரு விரதம் எடுத்தார். கூட்டத்துக்கு முன்னால் ஓடுவதும் இல்லை. பின்னால் தங்குவதும் இல்லை. அந்த ஒரு விரதம்தான் அவர் கற்ற பாடங்களுக்கெல்லாம் தலையானது.

தண்ணீரை வரவழைக்கும் தூதர்

அடுத்து தாசரஹ்லா என்ற ஊற்று. அங்கே மூன்று நாள் தங்கல். தோல்பைகளைச் செப்பனிட்டார்கள். தண்ணீர் நிரப்பினார்கள். பைகளின் மேல் சாக்குத் துணி வைத்துத் தைத்தார்கள். இல்லாவிட்டால் காற்றே தண்ணீரை உறிஞ்சிவிடும்.

அங்கிருந்து ஓர் ஆளை முன்னால் அனுப்புவார்கள். அவர் பெயர் தக்ஷீஃப். அவர் தனியாகப் பாலைவனத்தைக் கடந்து வலாத்தாவுக்குப் போவார். கூட்டத்தாரின் கடிதங்களை அங்குள்ள நண்பர்களிடம் கொடுப்பார். அந்த ஊரார் தண்ணீர் எடுத்துக்கொண்டு நாலு நாள் தூரம் எதிர்கொண்டு வருவார்கள். நண்பர் யாரும் இல்லாதவர், ஊரில் பேர் பெற்ற ஒரு வியாபாரிக்கு எழுதினால் போதும். அவர் தண்ணீர் அனுப்பிவிடுவார்.

தக்ஷீஃப் வழியில் இறந்துவிட்டால்? ஊராருக்குச் செய்தி போகாது. தண்ணீர் வராது. கூட்டத்தில் பெரும்பாலோர் கதி அதோகதிதான்.

அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. இன்று மலை போல் இருக்கும் மணல் நாளை வேறிடத்தில் இருக்கும். கூட்டத்துக்கு வழிகாட்டியவருக்கோ ஒரு கண் தெரியாது. மற்றொரு கண்ணிலும் நோய். ஆனாலும், அந்த வழியை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. பலமுறை போய்வந்த அனுபவம்தான் அவருக்குக் கண்.

தக்ஷீஃபுக்குக் கூலி 100 மிஸ்கால் தங்கம். கொடுத்தார்கள். ஏழாம் நாள் இரவு, தூரத்தில் நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. தண்ணீரோடு ஊரார் வந்துவிட்டார்கள்! கூட்டத்தாரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அதற்கு அப்பால் வெயில் இன்னும் கடுமை. பிற்பகல் தொழுகை முடிந்ததும் புறப்படுவார்கள். இரவெல்லாம் நடை. காலையில் தங்கல். இரண்டு மாதப் பயணத்தின் பிறகு வலாத்தாவை அடைந்தார்கள்.

கடைசிக் காலம்

மாலி நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1353-ம் ஆண்டு மறுபடி சகாராவைக் கடந்து திரும்பினார். அப்போது 70 நாளுக்கு வேண்டிய உணவைக் கூடவே எடுத்துக்கொண்டார்.

மொராக்கோ அரசர், பார்த்ததையெல்லாம் சொல்லும்படி கட்டளையிட்டார். இபுன் பதூதா சொல்லச் சொல்ல, இபுன் ஜுஸய் என்ற புலவர் எழுதினார். 1355-ம் ஆண்டு டிசம்பரில் புத்தகம் முடிந்தது. பிறகு இபுன் பதூதா ஓர் ஊரில் நீதிபதியாக இருந்து, 1368-ம் ஆண்டை ஒட்டிக் காலமானார். இவ்வளவு வெயிலையும் தாண்டியவர், சொந்த நாட்டில் அமைதியாகக் கண் மூடினார்.

தகாசா இன்று பாழடைந்து கிடக்கிறது. மாலி நாட்டின் வடக்குக் கோடியில் மணலுக்கு நடுவே இருக்கிறது.

நமக்கு என்ன?

நம்மில் பலர் சகாராவுக்குப் போகப் போவதில்லை. ஆனால், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில், பாலைவன வெயிலில் வேலை செய்கிறார்கள். இங்கேயும் உப்பளத்தில், வயலில், சாலையில், கட்டடத்தில் வெயில்தான்.

இபுன் பதூதா கற்றதும், இன்று டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. உச்சிப் பொழுதில் பயணம் வேண்டாம். உடம்பை மூடும் தளர்ந்த பருத்தித் துணி நல்லது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். நீராகாரம், உப்புப் போட்ட மோர், இளநீர் எல்லாம் நல்லவை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் கரைத்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தயார். வெறும் உப்பை அள்ளி வாயில் போடக்கூடாது.

ஒருவர் வெயிலில் தள்ளாடினால், சம்பந்தம் இல்லாமல் பேசினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், சும்மா பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. உடம்புச் சூடு 40 டிகிரி செல்ஷியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்க வேண்டும். துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக வெயிலில் போகக்கூடாது. யாரையும் தனியாக விடவும் கூடாது. வெயில் ஏறினவனுக்குத் தன் புத்தி கலங்குவது தனக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். மரத்தடியில் செத்துக் கிடந்த அந்த மனிதனுக்கு ஒரு மைலில் தண்ணீர் இருந்தது. கூட ஓர் ஆள் இல்லை.

நாளைக் காலையிலும் மரக்காணத்து உப்பளத்தில் விடியும் முன்பே ஆட்கள் இறங்குவார்கள். தூக்குச்சட்டியில் நீராகாரம் இருக்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு யாராவது கோபத்தில் வெறுங்கையோடு கிளம்பினால், சண்டை கிடக்கட்டும். பின்னாலேயே ஓடிப்போய்த் தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இபுன் அதீ செய்யத் தவறியது அதைத்தான்.